நகர ரயில்களின் டிஜிட்டல் ரேடியோ உரையாடல்களைக் கேட்கும் முறை

நகர ரயில் ஓட்டுநரும் கட்டுப்பாட்டு மையமும் பேசிக்கொள்வது ஒரு காலத்தில் சாதாரண எஃப்.எம். அலையில் சென்றது. அதிர்வெண்ணை ஸ்கேனரில், அதாவது பல அதிர்வெண்களைத் தேடிக் கேட்கும் ரேடியோவில், தட்டினால் பேச்சு காதில் விழும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவில்லை. நியூயார்க் சுரங்க ரயில் போன்ற பழைய அமைப்புகளில் 160 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அனலாக் சேனல்கள் நெடுங்காலம் இப்படித்தான் கேட்கப்பட்டுவந்தன. லண்டன் சுரங்க ரயில், டெல்லி மெட்ரோ முதலானவை டெட்ரா என்னும் டிஜிட்டல் ரேடியோ தரநிலையையும், வட அமெரிக்காவின் போக்குவரத்து அமைப்புகள் பல பி25 என்னும் தரநிலையையும், சிறிய டிராம் நிறுவனங்களும் பணிமனைகளும் டி.எம்.ஆர்., என்.எக்ஸ்.டி.என். போன்ற மலிவான தரநிலைகளையும் ஏற்றுக்கொண்ட பிறகு அந்த எளிமை போய்விட்டது. இப்போது அதே அதிர்வெண்ணைப் பழைய ஸ்கேனரில் வைத்தால் ஒரு கரகரப்பு மட்டுமே கேட்கும். அடுத்த நொடி அந்தக் கரகரப்பும் வேறொரு அதிர்வெண்ணுக்குத் தாவிவிடும்.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் எடுத்த எடுப்பில் குரலைத் தேடி அலைகிறார்கள் என்பதே என் கணிப்பு. குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த அமைப்பின் கன்ட்ரோல் சேனலை, அதாவது பேச்சுகளுக்கு அதிர்வெண் ஒதுக்கி அறிவிக்கும் தரவு அலையை, பிடித்து, பிழையில்லாமல் டிகோட் செய்து (அதிலுள்ள தரவைப் பிரித்தெடுத்து), அது தன்னைப் பற்றி என்ன அறிவிக்கிறது என்று படித்துவிட்டால் குரல் தானாக வந்து சேரும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

சட்டம் முதலில்

கருவி வாங்குவதற்கு முன்பே, நீங்கள் வசிக்கும் நாட்டில் இது அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும். ஏனெனில் ஒரு நாட்டில் பொழுதுபோக்காக இருப்பது இன்னொரு நாட்டில் குற்றம். அமெரிக்காவில், பொதுமக்கள் எளிதாகக் கேட்கக்கூடிய வகையில், மறைகுறியாக்கம் இல்லாமல் அனுப்பப்படும் அரசு மற்றும் பொதுப் பாதுகாப்பு ரேடியோ உரையாடல்களைக் கேட்பதை 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் மறைகுறியாக்கப்பட்டதை உடைத்துக் கேட்பது அங்கும் குற்றமே. சில மாநிலங்களில் வாகனத்துக்குள் ஸ்கேனர் வைத்திருப்பதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பிரிட்டனில் நிலைமை நேர்மாறு: தமக்கென அனுப்பப்படாத செய்தியின் உள்ளடக்கத்தை அறியும் நோக்கத்துடன் ரேடியோ கருவியைப் பயன்படுத்துவதும், அப்படி அறிந்ததை வெளியிடுவதும் 2006ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்கீழ் குற்றங்கள். ஸ்கேனர் விற்பனைக்குக் கிடைக்கிறது என்பதால் கேட்பது அனுமதிக்கப்பட்டது என்று அங்கு பொருள் கொள்ள முடியாது. இந்தியாவில் ரேடியோ கருவியை வைத்திருப்பதற்கே அனுமதி தேவை என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் பொதுவிதி; 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதே அடிப்படையில்தான் எழுதப்பட்டுள்ளது.

ஆகவே கீழே சொல்லப்படுபவை அனைத்தும், சட்டம் அனுமதிக்கும் இடத்தில், மறைகுறியாக்கம் இல்லாத உரையாடல்களைக் கேட்பதற்கு மட்டுமே. எந்த நிலையிலும் அனுப்பும் கருவியை அந்த அதிர்வெண்களில் இயக்கக் கூடாது. ரயில் ஓடும் தடத்தில் ஒரு தவறான குறுக்கீடு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எதைக் கேட்க முடியும், எதை முடியாது

ஒரு நகர ரயிலைச் சுற்றிப் பலவகை ரேடியோ அலைகள் ஓடுகின்றன; அவற்றுள் குரல் ஒரு பகுதி மட்டுமே. ரயிலின் இருப்பிடத்தையும் வேகத்தையும் நிர்வகிக்கும் சி.பி.டி.சி. எனப்படும் சிக்னல் தொடர்பு பெரும்பாலும் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இயங்கும் தரவுத் தொடர்பு. அதில் மனிதர் பேசுவதில்லை, அதைத் தொடவும் கூடாது. நீள்தூர ரயில்களுக்கான ஜி.எஸ்.எம்.-ஆர்., ஐரோப்பாவில் ரயிலிலிருந்து 876 முதல் 880 மெகாஹெர்ட்ஸிலும் ரயிலுக்கு 921 முதல் 925 மெகாஹெர்ட்ஸிலும் செல்வது, அடிப்படையில் ஒரு செல்பேசி வலையமைப்பு. செல்பேசி அழைப்பை இடைமறிப்பதற்கு உள்ள தடை அதற்கும் பொருந்தும். எல்.டி.இ. வழியே பேசும் புதிய அமைப்புகளும் இந்த வழிகாட்டிக்கு வெளியே நிற்பவை. எஞ்சுவது, நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் தனி மொபைல் ரேடியோ என்னும் வகை: பி25, டெட்ரா, டி.எம்.ஆர்., என்.எக்ஸ்.டி.என்.

இந்த நான்கையும் தோற்றத்திலேயே பிரித்தறியப் பழகிக்கொள்வது நல்லது. 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய பி25, முதல் கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரே ஓர் உரையாடலைச் சுமக்கிறது; இரண்டாம் கட்டத்தில் அதே அகலத்தை நேரத்தால் இரண்டாகப் பங்கிட்டு இரண்டு உரையாடல்களைச் சுமக்கிறது. ஐரோப்பியத் தரநிலையான டெட்ரா 25 கிலோஹெர்ட்ஸ் சேனலை நான்கு நேரத்துண்டுகளாகப் பிரிக்கிறது. அலைகளின் வலுவை நேரப்படி மேலிருந்து கீழே ஓடவிட்டுக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் அது தட்டையான உச்சியும் செங்குத்தான ஓரங்களும் கொண்ட பட்டையாக, இடைவெளியே இல்லாமல் இறங்கிக்கொண்டிருப்பதால் ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். டி.எம்.ஆர். 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு நேரத்துண்டுகள் கொண்டது. ஐகாம், கென்வுட் நிறுவனங்கள் உருவாக்கிய என்.எக்ஸ்.டி.என். 6.25 கிலோஹெர்ட்ஸ் வரை குறுகக்கூடியது. திரையில் மெல்லிய கோடாகத் தெரியும்.

டிரங்கிங் என்றால் என்ன நடக்கிறது

பெரிய ரயில் நிறுவனங்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அதிர்வெண் ஒதுக்கப்படுவதில்லை. சில அதிர்வெண்களின் தொகுப்பு ஒன்று இருக்கும். அதில் ஒன்று கன்ட்ரோல் சேனலாக ஓயாமல் தரவு அனுப்பிக்கொண்டிருக்கும். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக்கொடுக்கும் மேஸ்திரியின் பணிதான் அதன் பணி. ஓர் ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும் அவருடைய கருவி கன்ட்ரோல் சேனலிடம் இடம் கேட்கிறது. “இந்த டாக்குரூப்புக்கு இந்த அதிர்வெண்” என்று அது அறிவிக்கிறது. டாக்குரூப் என்பது ஒன்றாகப் பேசிக்கொள்ளும் கருவிகளின் குழு; அதைச் சேர்ந்த எல்லாக் கருவிகளும் அங்கே தாவுகின்றன. பேச்சு முடிந்ததும் அதிர்வெண் தொகுப்புக்குத் திரும்பிவிடும். அடுத்த பேச்சு வேறோர் அதிர்வெண்ணில் நடக்கலாம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது டாக்குரூப்பை. அதிர்வெண் அதன் தற்காலிக இருப்பிடம் மட்டுமே.

பி25-இல் கன்ட்ரோல் சேனல் தன்னைப் பற்றி நிறைய அறிவிக்கிறது: அமைப்பின் எண், தளத்தின் (அலையை அனுப்பும் கோபுரம் அல்லது கோபுரத் தொகுப்பின்) எண், சேனல்களின் அட்டவணை, அண்டைத் தளங்களின் கன்ட்ரோல் சேனல்கள், எந்தக் கருவி எந்த டாக்குரூப்பில் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது என்ற விவரம். இவை யாவும் வெளிப்படையாகவே செல்கின்றன. டெட்ராவில் முதன்மை அலையின் முதல் நேரத்துண்டு இதே வேலையைச் செய்கிறது. நாட்டுக் குறியீடு, வலையமைப்புக் குறியீடு ஆகியவற்றை வைத்து அது எந்த அமைப்பு என்று அடையாளம் காணலாம்.

கேட்பவர் மறக்கக் கூடாத ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. பல தளங்கள் கொண்ட டிரங்க் அமைப்பில், ஒரு டாக்குரூப்பின் பேச்சு எல்லாத் தளங்களிலும் ஒலிபரப்பாவதில்லை. அந்த டாக்குரூப்பில் பதிவு செய்த கருவி குறைந்தது ஒன்றாவது இருக்கும் தளங்களுக்கு மட்டுமே அனுப்பப்படும். நகரின் வடகோடியில் உள்ள தளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தென்கோடிப் பணிமனையின் பேச்சு நாள்கணக்கில் வராமல் போவதற்குக் காரணம் ஆன்டெனாவோ மென்பொருளோ ஆக இருக்காது. அந்தத் தளத்தில் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. எனவே உங்களுக்கு வலுவாகக் கிடைக்கும் தளம் எது என்பதோடு, நீங்கள் கேட்க விரும்பும் வழித்தடத்தின் ரயில்கள் எந்தத் தளத்தின் கீழ் ஓடுகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சுரங்கத்தைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். சுரங்கப் பாதையின் சுவர் நெடுக ஓடும் கசிவுக் கம்பிவடம் வழியாகத்தான் அங்கே சிக்னல் கிடைக்கிறது. அது மேலே தரைக்கு அநேகமாக வருவதில்லை. ஆனால் டிரங்க் அமைப்பில் சுரங்கத்துக்குள் பேசும் ஓட்டுநரின் குரல், அதே டாக்குரூப்பைச் சுமக்கும் தரைமட்டத் தளங்களிலிருந்தும் திரும்ப ஒலிபரப்பாகிறது. ஆகவே சுரங்கத்தில் நடப்பதைக் கேட்கச் சுரங்க வாயிலில் போய் நிற்க வேண்டியதில்லை. வீட்டு மாடியே போதும்.

அதிர்வெண்களைக் கண்டறிதல்

பல நாடுகளில் ரேடியோ உரிமங்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் உரிமத் தரவுத்தளம் அவற்றுள் விரிவானது. போக்குவரத்து நிறுவனத்தின் பெயரை இட்டுத் தேடினால் தளங்களின் இருப்பிடமும் அதிர்வெண்களும் வரும். ஆர்வலர்கள் தொகுத்த ரேடியோ ரெஃபரன்ஸ் தரவுத்தளத்தில், எந்த அதிர்வெண் கன்ட்ரோல் சேனல், எந்த எண் எந்த டாக்குரூப் என்பதும் கிடைக்கும். ஆனால் இரண்டையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. உரிமப் பட்டியல் அனுமதிக்கப்பட்டதைச் சொல்கிறதே தவிர, பயன்படுத்தப்படுவதைச் சொல்வதில்லை. ஆர்வலர் பட்டியலோ யாரோ ஒருவர் கடைசியாகத் திருத்திய நாளின் நிலையைச் சொல்கிறது.

பட்டைகளின் அமைப்பு தெரிந்திருந்தால் தேடல் சுருங்கும். அமெரிக்காவின் 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தளங்கள் 851 முதல் 869 வரை அனுப்புகின்றன. கையடக்கக் கருவிகள் அதற்குச் சரியாக 45 மெகாஹெர்ட்ஸ் கீழே அனுப்புகின்றன. 700 பட்டையில் தளங்கள் 769 முதல் 775 வரை. கருவிகள் 30 மெகாஹெர்ட்ஸ் மேலே. ஐரோப்பாவில் 380 முதல் 400 வரையிலான டெட்ரா அவசரச் சேவைகளுக்கு உரியது. அதை விட்டுவிட வேண்டும். போக்குவரத்து நிறுவனங்களின் சிவில் டெட்ரா பெரும்பாலும் 410 முதல் 430 வரை அமைந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது எப்போதும் தளம் அனுப்பும் அதிர்வெண்ணையே. உயரமான கோபுரத்திலிருந்து வலுவாக வருவது அது. ஓட்டுநரின் குரலும் அதன் வழியேதான் மறுபடி ஒலிபரப்பாகிறது.

கருவிகள்

தொடங்குபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டிஜிட்டல் டிரங்கிங் ஸ்கேனர். இதில் யூனிடன் எஸ்.டி.எஸ்.100, எஸ்.டி.எஸ்.200 ஆகிய இரண்டும் பி25 அமைப்புகளுக்குத் தனித்து நிற்பவை. காரணத்தைச் சற்றுக் கீழே சொல்கிறேன். மற்றொன்று, மென்பொருள்வழி ரேடியோ. தொலைக்காட்சி பார்க்கச் செய்யப்பட்ட ஒரு சிறு யு.எஸ்.பி. டாங்கிளைப் பரந்த அதிர்வெண் ரிசீவராகப் பயன்படுத்தலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது முதல் இந்தப் பொழுதுபோக்கின் முகமே மாறிவிட்டது. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். எனப்படும் இவ்வகை டாங்கிள் ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பார்க்கும். வாங்கும்போது வெப்பநிலைக்கு ஈடுகொடுக்கும் ஆஸிலேட்டர், அதாவது டி.சி.எக்ஸ்.ஓ., உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய டாங்கிள் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் 851 மெகாஹெர்ட்ஸில் அது 42 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட விலகல்; மூன்று சேனல்கள் தள்ளிப்போய் நின்றுகொண்டு சிக்னல் இல்லை என்று குறைபடுவீர்கள். ஒரு பங்கு மட்டுமே பிசகும் கருவியில் விலகல் ஒரு கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும்.

அமைப்பின் அதிர்வெண்கள் 2.4 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்காவிட்டால் இரண்டு டாங்கிள் வேண்டும்: ஒன்று கன்ட்ரோல் சேனலை விடாமல் பிடித்திருக்க, மற்றது குரலைத் தொடர்ந்து தாவும். 10 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும் ஏர்ஸ்பை ஆர்2 போன்ற கருவி ஒன்றே இரண்டு மூன்று டாங்கிளின் வேலையைச் செய்யும்; அதன் 12 பிட் நுண்மை, வலுவான செல்பேசிக் கோபுரங்களுக்கு அருகில் வசிப்பவர்களுக்கு வேறுபாட்டைக் காட்டும். ஆனால் முதல் கருவியாக அதை வாங்க நான் சொல்ல மாட்டேன். டாங்கிளில் டிகோட் ஆகாத சிக்னல் பெரும்பாலும் ஆன்டெனாவால்தான் ஆகாமல் போகிறது.

ஆன்டெனாவுக்கு ஆடம்பரம் தேவையில்லை. செங்குத்தாக நிற்கும் கால் அலை நீளக் கம்பி, 850 மெகாஹெர்ட்ஸுக்கு 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 420 மெகாஹெர்ட்ஸுக்கு 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஜன்னலுக்கு அருகில் இருந்தால் பல நகரங்களில் போதும். மாடியில் வைத்துக் கம்பிவடம் இழுப்பவர்கள் வடத்தைக் கவனிக்க வேண்டும். மெல்லிய ஆர்.ஜி.-58 வடம் 900 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 5 டெசிபல் விழுங்கும். அதாவது ஆன்டெனா பிடித்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடும். டாங்கிளையே ஆன்டெனா அருகில் வைத்து, யு.எஸ்.பி. வடத்தை நீட்டுவது இதற்கு எளிய மாற்று.

சிமுல்காஸ்ட் என்னும் தொல்லை

நகரத்தில் பி25 கேட்பவர்களைப் படுத்தும் பிரச்சினை வலு குறைந்த சிக்னல் அன்று. தேவைக்கு மேல் பல கோபுரங்களிலிருந்து வரும் சிக்னல். அதிர்வெண்களைச் சிக்கனப்படுத்த, பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே தரவை ஒரே நேரத்தில் அனுப்பும் முறையே சிமுல்காஸ்ட். கோபுரங்கள் செயற்கைக்கோள் நேரத்தால் ஒத்திசைக்கப்பட்டிருந்தாலும், உங்களிடம் வந்துசேரும் நேரம் தூரத்தைப் பொறுத்து மாறும். பி25 முதல் கட்டத்தில் ஒரு குறியீட்டின், அதாவது ஒரு தடவையில் அனுப்பப்படும் சிறு தரவுத் துண்டின், நீளம் ஏறத்தாழ 208 மைக்ரோநொடி. ரேடியோ அலை மைக்ரோநொடிக்கு 300 மீட்டர் செல்கிறது. ஒரு கோபுரம் மற்றதைவிட 10 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் அதன் சிக்னல் 33 மைக்ரோநொடி தாமதமாக வரும்; ஒரு குறியீட்டின் ஆறில் ஒரு பங்கு. இரண்டும் சம வலுவில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குறியீடுகள் கலங்குகின்றன. ஸ்கேனரில் சிக்னல் வலுவைக் காட்டும் ஐந்து கோடும் நிறைந்திருக்கும். குரலோ துண்டு துண்டாக, தண்ணீருக்குள் பேசுவது போல வரும்.

இந்த இடத்தில்தான் கருவியின் உள்ளமைப்பு முக்கியமாகிறது. பழைய ஸ்கேனர்கள் எஃப்.எம். போலச் சிக்னலின் அதிர்வெண் மாற்றத்தை மட்டும் பார்ப்பவை. சிமுல்காஸ்ட் கோபுரங்கள் அனுப்புவதோ எல்.எஸ்.எம். என்னும், கட்டமும் வீச்சும் சேர்ந்து மாறும் பண்பேற்றம், அதாவது தரவை அலையில் ஏற்றும் முறை. அந்த வீச்சைத் தூக்கியெறிந்துவிட்டு டிகோட் செய்வது அரைகுறை வேலை. மென்பொருள்வழி ரேடியோவும், மேலே சொன்ன எஸ்.டி.எஸ். வகை ஸ்கேனர்களும் சிக்னலின் இரு கூறுகளையும் பார்ப்பதால் இந்தக் கலக்கத்தை வெகுவாகத் தாங்குகின்றன. மென்பொருளில் சி4எஃப்.எம். (அதிர்வெண் மட்டுமே மாறும் பண்பேற்றம்), எல்.எஸ்.எம். என்று தேர்வு கேட்டால், சிமுல்காஸ்ட் தளத்துக்கு எல்.எஸ்.எம்.-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒரு சொடுக்கு பலருடைய சிக்கலைத் தீர்த்திருக்கிறது.

அதன் பிறகும் கலங்கினால் செய்ய வேண்டியது, உள்ளுணர்வுக்கு எதிரான ஒன்று: சிக்னலைக் குறையுங்கள். பெரிய ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுச் சிறியதை மாட்டுங்கள், ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவான கெயினைத் தாழ்த்துங்கள், ஒரே ஒரு கோபுரத்தைப் பார்க்கும் ஜன்னலுக்கு ஆன்டெனாவை மாற்றுங்கள், கட்டடத்தின் சுவர் மற்ற கோபுரங்களை மறைக்கட்டும். இயலுமானால் ஒரு திசையிலிருந்தே வலுவாகப் பிடிக்கும் யாகி ஆன்டெனா ஒன்றை, அதன் குறுக்குக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும்படி பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கவனிக்க வேண்டியது சிக்னல் வலுவை அன்று, பிழை விகிதத்தை. வலு குறைந்தும் பிழை குறையும் திசை ஒன்று இருக்கும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

மென்பொருளை அமைத்தல்

பி25, டி.எம்.ஆர். ஆகியவற்றுக்கு எஸ்.டி.ஆர்.டிரங்க் என்னும் இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதையே. லினக்ஸ் பழகியவர்கள் ஓ.பி.25, டிரங்க் ரெக்கார்டர் ஆகியவற்றை விரும்புவர். என்.எக்ஸ்.டி.என்.-க்கு டி.எஸ்.டி.பிளஸ் பொருத்தம். டெட்ராவுக்கு ஆஸ்மோ-டெட்ரா, எஸ்.டி.ஆர். ஷார்ப்பின் டெட்ரா இணைப்பு ஆகியவை உண்டு. ஆனால் டெட்ரா வலையமைப்புகள் பலவும் மறைகுறியாக்கப்பட்டவை. பாதுகாப்பு வகுப்பு 1 என்று அறிவிக்கும் வலையமைப்பு மட்டுமே வெளிப்படையானது; 2 அல்லது 3 என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். டெட்ராவின் மறைகுறியாக்கத்தில் பலவீனங்கள் உள்ளதாக 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டது உண்மை. அது யாருக்கும் கேட்கும் உரிமையை வழங்கிவிடவில்லை.

முதலில் ஸ்பெக்ட்ரம் திரையில் கன்ட்ரோல் சேனலைக் கண்ணால் பாருங்கள். கெயினைத் தானியங்கியில் விடாமல் கையால் வையுங்கள்: நடுவிலிருந்து தொடங்கி, சிக்னலுக்கும் அடிமட்ட இரைச்சலுக்கும் இடையிலான உயரம் அதிகரிக்கும்வரை ஏற்றி, இரைச்சலும் சேர்ந்து ஏறத் தொடங்கியதும் ஒரு படி இறக்க வேண்டும். அமெரிக்காவில் 869 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேயே செல்பேசிக் கோபுரங்கள் அனுப்பத் தொடங்கிவிடுவதால் 800 பட்டையில் கேட்பவருக்குக் கெயின் மிகுந்தால் திரை முழுக்கப் போலி சிக்னல்கள் முளைக்கும். அப்போது தேவை ஒரு ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர் அன்று. பிறகு டாங்கிளின் அதிர்வெண் விலகலுக்கான திருத்தத்தைச் செய்து, கன்ட்ரோல் சேனலின் அதிர்வெண்ணையும் பண்பேற்ற வகையையும் இட்டு இயக்குங்கள். பி25 அமைப்புகளில் மாற்றுக் கன்ட்ரோல் சேனல்கள் இருப்பது வழக்கம். பராமரிப்பின்போது முதன்மை நின்று மாற்று இயங்கும். எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்து வைத்தால் நடு இரவில் அமைதியாகிவிடாது.

எஸ்.டி.ஆர்.டிரங்கில் கன்ட்ரோல் சேனல் செய்திகள் ஓடியும் குரல் வராவிட்டால், டிஜிட்டல் தரவை மீண்டும் குரலாக்கும் ஜே.எம்.பி.இ. என்னும் மென்பொருள் நூலகத்தைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். காப்புரிமைச் சிக்கலால் அது மென்பொருளுடன் வருவதில்லை, பயனர் தாமே தம் கணினியில் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

யார் பேசுகிறார்கள் என்று அறிதல்

டாக்குரூப் எண்கள் மட்டும் வரும் திரை முதல் நாளில் பொருளற்றதாகத் தோன்றும். வழித்தடக் கட்டுப்பாடு, பணிமனை, மின்விநியோகக் கட்டுப்பாடு, தடப் பராமரிப்பு, நிலைய ஊழியர், சிக்னல் பிரிவு, காவல் என்று அவை பிரிந்திருக்கும். வழித்தடக் கட்டுப்பாட்டைக் கண்டுபிடிப்பது எளிது: பலர் ஒருவரிடம் பேசுவார்கள், ஒவ்வொரு பேச்சும் ரயில் எண்ணுடன் தொடங்கும், கட்டுப்பாட்டாளர் சொன்னதை ஓட்டுநர் சொல் மாறாமல் திருப்பிச் சொல்வார். இந்தத் திருப்பிச் சொல்லலே கேட்பவருக்குக் கிடைத்த வரம். முதல் முறை தவறவிட்டதை இரண்டாம் முறை பிடித்துக்கொள்ளலாம். மின்விநியோகப் பிரிவில் பேச்சு அரிது. ஆனால் மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்பதைப் பலமுறை உறுதிசெய்யும் அழுத்தமான நடை அதற்குரியது. பணிமனைப் பேச்சு அதிகாலையிலும் நள்ளிரவை ஒட்டியும் குவியும். பயணிகள் சேவை நின்ற பிறகுள்ள சில மணிநேரங்களே தடப் பராமரிப்புக் குழுக்களின் நேரம்; அப்போது வேறெந்த வேளையிலும் கேட்காத டாக்குரூப்கள் உயிர்பெறும் என்பதால், ஓரிரவாவது பதிவை ஓடவிட்டுக் காலையில் கேட்க வேண்டும்.

ரயில் நிறுவனம் பயணிகளுக்காக வெளியிடும் நேரடி ரயில் இருப்பிடத் தகவலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது பெரும் உதவி. ஏதோவொரு நிலையத்தில் ஒரு ரயில் நிறுத்தி வைக்கப்படுவதாக ரேடியோவில் கேட்கிறது. அதே நிமிடம் வரைபடத்தில் எந்தப் புள்ளி நகராமல் நிற்கிறது என்று பார்த்தால் அந்த டாக்குரூப் எந்த வழித்தடத்துக்குரியது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். கதவுக் கோளாறு, ஒரு தடத்தை மூடி மற்றத் தடத்திலேயே இரு திசையும் ஓட்டுதல், இடைவழியில் ரயிலைத் திருப்புதல், சிவப்பு சிக்னலைக் கடக்கக் கட்டுப்பாட்டாளர் அனுமதி வழங்குதல் ஆகிய நான்கு நிகழ்வுகளையும் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டால், அந்த நிறுவனத்தின் பேச்சு வழக்கில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

கேட்டதை எழுதி வையுங்கள்: நேரம், டாக்குரூப், பேசிய பொருள், உங்கள் ஊகம், அந்த ஊகம் எவ்வளவு உறுதியானது. கணினியின் கடிகாரம் இணைய நேரத்துடன் ஒத்திசைந்திருக்கட்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. கட்டுப்பாட்டு மேசையின் எண்ணை அறிந்துகொள்வது பயன் தரும், ஆனால் தனி ஊழியர்களின் கருவி எண்களைப் பெயருடன் இணைத்துப் பட்டியலிடுவது தேவையற்ற துருவல்.

மறைகுறியாக்கப்பட்ட டாக்குரூப்களை எஸ்.டி.ஆர்.டிரங்க் அடையாளம் காட்டிவிடும். பி25-இல் மறைகுறியாக்க வழிமுறையைக் குறிக்கும் எண் பதினாறடிமானத்தில் 80 என்றால் வெளிப்படை. 84 என்றால் ஏ.இ.எஸ்.-256, 81 என்றால் டி.இ.எஸ். 80 அல்லாத எதையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால் ரிசீவர் வீணாக அவற்றின் பின்னால் ஓடாது. காவல் பிரிவின் டாக்குரூப்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ரயில் இயக்கம் திறந்தே இருக்கும் நகரங்களிலும் இதைக் காணலாம்.

பதிவும் பகிர்வும்

மென்பொருள் ஒவ்வோர் அழைப்பையும் நேரம், டாக்குரூப் விவரங்களுடன் தனி ஒலிக்கோப்பாகச் சேமிக்கும். தனிப்பட்ட பயன்பாட்டைத் தாண்டி அதைப் பொதுவில் வைப்பதற்குச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது கேட்பதற்கான அனுமதியிலிருந்து வேறான கேள்வி. முன்னதற்கு ஆம் என்பது பின்னதற்கும் ஆம் ஆகாது. அனுமதிக்கும் இடங்களிலும், தண்டவாளத்தில் ஒருவர் விழுந்தது, பயணி மயங்கியது போன்ற நிகழ்வுகளின் ஒலியை வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் பெயரும் அங்க அடையாளமும் வருகின்றன. உறவினருக்குச் செய்தி போய்ச்சேர்வதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ரயில் தாமதத்தின் காரணத்தை அறிவதற்கு அந்த ஒலி யாருக்கும் தேவையில்லை.

அமைப்பு மாறும்போது

இவ்வளவும் அமைந்த பிறகு ஒரு நாள் எல்லாம் நின்றுபோகலாம். ரயில் நிறுவனங்கள் ரேடியோ அமைப்பை மாற்றுவது ஒரே இரவில் நடப்பதில்லை. அறிகுறிகள் கன்ட்ரோல் சேனலிலேயே முன்கூட்டித் தெரியும். அண்டைத் தளப் பட்டியலில் அதுவரை இல்லாத தள எண் தோன்றினால் அதன் அதிர்வெண்ணைக் குறித்து, ஒரு டாங்கிளைச் சில நாள் அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் வெறும் கன்ட்ரோல் சேனல் மட்டும் இயங்கும். பிறகு சோதனைப் பேச்சுகள், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பார்ப்பவர்கள். பிறகு பணிமனைப் பேச்சு நகரும். வழித்தடக் கட்டுப்பாடு பெரும்பாலும் கடைசியாகவே நகரும். இரண்டாம் கட்ட பி25-க்கு மாறினால் கன்ட்ரோல் சேனல் முன்போலவே முதல் கட்ட வடிவில் ஓடிக்கொண்டிருக்க, குரல் மட்டும் நேரத்துண்டுகளுக்குப் போயிருக்கும். அப்போது முதல் கட்டம் மட்டுமே அறிந்த பழைய ஸ்கேனர் செவிடாகிவிடும். அந்த இடைக்காலத்தில் பழைய தளத்தின் அமைப்புகளை அழிக்காமல், பழையதையும் புதியதையும் இணையாக ஓடவிடுங்கள்; பழைய கன்ட்ரோல் சேனல் ஒரு வாரம் முழுதும் ஒரு குரல் ஒதுக்கீட்டையும் அறிவிக்காதபோது அதை நீக்கிவிடலாம்.